"புரிஞ்சுதுங்க டீச்சர்": புதிதாக வகுப்பெடுப்பவர்களுக்கு நேரடிக் கற்பித்தல்

பல்லடம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்த வருடம். ஆறாம் வகுப்பு, கோணமானி வைத்துக் கோணம் அளக்கும் பாடம். போர்டில் ஒரு முறை அளந்து காட்டினேன். "புரிஞ்சுதா?" என்று கேட்டேன். "புரிஞ்சுதுங்க டீச்சர்" என்று ஓடு அதிரும்படி சத்தம் வந்தது. சரி என்று பத்துக் கணக்கையும் போடச் சொல்லிவிட்டுப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மறுநாள் நோட்டுத் திருத்தும்போது பார்க்கிறேன், பாதிப் பேர் 50 பாகைக் கோணத்துக்கு 130 என்று எழுதியிருக்கிறார்கள். மிச்சம் பேரில் சிலர் 44, சிலர் 57. ஒருத்தி மட்டும் அளவுகோலை வைத்து அளந்து சென்டிமீட்டரில் விடை எழுதியிருந்தாள்.

பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. நான் செய்தது அவர்களுக்குப் புரிந்துதான் இருந்தது. ஆனால் நான் அளந்ததைப் பார்த்தார்களே ஒழிய, அவர்கள் அளந்ததை நான் பார்க்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் இதைச் சொல்லிப் புலம்பியபோது என் பெரியம்மா சிரித்தார். அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் பல வருடம் ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டியவர். "கைமடிக்கு வந்த முதல் நாளே எவனாச்சும் மிஷின்ல உக்கார வெப்பானா கண்ணு?" என்றார். அங்கே புதிதாக வருபவர் முதலில் டெய்லர் பக்கத்தில் கைமடியாக நிற்பார். பீஸ் எடுத்துக் கொடுப்பார், நூல் வெட்டுவார், டெய்லரின் கை போகிற போக்கைப் பார்ப்பார். அப்புறம் சாப்பாட்டு நேரத்தில், கழித்துப் போட்ட துண்டுத் துணியில், டெய்லர் பக்கத்தில் நின்று பார்க்க, நேர்த் தையல் ஓட்டுவார். துணி இழுத்தால் டெய்லர் அங்கேயே கையைப் பிடித்துத் திருத்துவார். நேர்த் தையல் ஒழுங்காக வந்த பிறகுதான் உண்மையான பீஸ் கைக்கு வரும். என் வகுப்பில் இந்த நடுப்பகுதி இல்லவே இல்லை. காட்டினேன், உடனே தனியே விட்டுவிட்டேன்.

இந்த நடுப்பகுதியை ஒழுங்காக வைத்துப் பாடம் நடத்துவதற்குத்தான் நேரடிக் கற்பித்தல் என்று பெயர். பெயரைக் கேட்டதும் டீச்சர் நின்று பேச, பிள்ளைகள் கைகட்டிக் கேட்கும் வகுப்பு என்று நினைத்துவிட வேண்டாம். நல்ல நேரடிக் கற்பித்தல் வகுப்பில் பிள்ளைகள் சும்மா இருக்கவே முடியாது. நிமிடத்துக்கு இரண்டு தடவையாவது எதையாவது சொல்லுவார்கள், எழுதுவார்கள், தூக்கிக் காட்டுவார்கள்.

இது எங்கிருந்து வந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1960களில் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் சீக்ஃபிரீட் எங்கல்மனும் கார்ல் பெரைட்டரும் ஏழை வீட்டுச் சிறு பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் சொல்லிக்கொடுத்தபோது உருவான முறை. அவர்கள் பாணியில் ஆசிரியர் பேச வேண்டிய வாக்கியம்கூட எழுதியே தரப்பட்டிருக்கும். 1968-ல் அந்த நாட்டு அரசு 'ஃபாலோ த்ரூ' என்ற பெரிய திட்டத்தைத் தொடங்கி, பல கற்பித்தல் முறைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தது. 1977-ல் வந்த முடிவில் அடிப்படைத் திறன்களிலும், பிள்ளைகளின் தன்னம்பிக்கையிலும் இந்த முறை முன்னால் நின்றது. ஒப்பிட்ட விதமே சரியில்லை என்று சண்டை போட்டவர்களும் உண்டு. இன்னொரு பக்கம், பாரக் ரோசன்ஷைன் என்பவர் நன்றாகச் சொல்லித்தரும் ஆசிரியர்கள் வகுப்பில் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்த ஆய்வுகளைத் திரட்டி 2012-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கணக்கு எனக்குச் சுருக்கென்று தைத்தது. 40 நிமிடக் கணக்கு வகுப்பில், நல்ல பலன் கண்ட ஆசிரியர்கள் விளக்குவது, செய்து காட்டுவது, கேள்வி கேட்பது, மாதிரிக் கணக்குப் போடுவது இவற்றுக்குச் சுமார் 23 நிமிடம் எடுத்துக்கொண்டார்கள். பலன் குறைவாக இருந்தவர்கள் எடுத்தது 11 நிமிடம். மிச்ச நேரம் பிள்ளைகள் தாங்களாகவே தப்புத் தப்பாகப் போட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். நான் அந்த 11 நிமிடத்தைக்கூடத் தொடவில்லை.

நம் கையில் வாக்கியம் எழுதிய புத்தகம் இல்லை. தேவையுமில்லை. முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கோணமானிப் பாடத்தையே வைத்து வரிசையாகச் சொல்கிறேன்.

திறனைத் துண்டு துண்டாக வெட்டுங்கள்

"கோணங்களைப் பற்றி அறிதல்" என்று பாடக்குறிப்பில் எழுதினால் அது திறன் ஆகாது. அறிந்தார்களா என்று எதை வைத்துப் பார்ப்பீர்கள்? "தாளில் வரைந்து கொடுத்த கோணத்தைக் கோணமானியால் இரண்டு பாகை முன்பின் அளப்பார்கள்" என்று எழுதினால் பார்த்துச் சொல்லலாம். ஒரு வகுப்புக்கு இப்படி ஒரே ஒரு வாக்கியம் போதும்.

அடுத்தது கொஞ்சம் சிரமம். நீங்கள் ஒரு கோணத்தை மெதுவாக அளந்து பாருங்கள், கை செய்கிற ஒவ்வொன்றையும் எழுதுங்கள். நமக்குப் பழகிப்போனதால் பாதி அசைவு கண்ணுக்கே தெரியாது. நான் முதலில் மூன்று படிதான் எழுதினேன். வீட்டில் இருந்த தம்பியைக் கூப்பிட்டு, "நான் எழுதியிருக்கறத மட்டும் செய், உனக்குத் தெரிஞ்சதச் செய்யாதே" என்றேன். அவன் வேண்டுமென்றே கோணமானியைத் தலைகீழாக வைத்தான். எரிச்சலாக இருந்தது, ஆனால் அவன் செய்தது சரி. எங்கேயும் நான் எந்தப் பக்கம் மேலே என்று எழுதவில்லை. கடைசியில் போர்டின் ஓரத்தில் ஒட்டிய படி அட்டை இப்படி வந்தது:

1. கோணத்தின் முனையைக் கண்டுபிடி. பென்சிலால் புள்ளி வை.
2. கோணமானியின் நடுக் குறியை அந்தப் புள்ளிமேல் வை. வளைவு மேலே.
3. புள்ளி நகராமல் கோணமானியைத் திருப்பு. ஒரு கதிர் 0 கோட்டின் மேல் படட்டும்.
4. அந்தக் கதிரில் எந்த வரிசை 0-ல் தொடங்குகிறது? அதில் விரலை வை.
5. 0, 10, 20 என்று அடுத்த கதிர்வரை விரலை நகர்த்து. படி.
6. செங்கோணத்தைவிடச் சின்னதா, பெரிதா? விடை அதற்குப் பொருந்துகிறதா?

ஆறு படிக்கு மேல் போனால் இரண்டு நாளாகப் பிரித்துவிடுங்கள். புதுச் சங்கதிகளை ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்க நம் எல்லோருக்குமே நாலைந்துக்கு மேல் இடமில்லை. அட்டை போர்டில் இருப்பதும் அதனால்தான். அடுத்து என்ன என்பதை அட்டை நினைவில் வைத்துக்கொள்ளும், பிள்ளை கையை மட்டும் கவனிக்கலாம்.

இன்னொன்று: இந்தப் படிகளுக்குக் கீழே ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டியவை ஒளிந்திருக்கும். பத்துப் பத்தாக 180 வரை எண்ணத் தெரிய வேண்டும். முனை, கதிர், செங்கோணம் என்றால் என்னவென்று தெரிய வேண்டும். கதிர் குட்டையாக இருந்தால் அளவுகோல் வைத்து நீட்டத் தெரிய வேண்டும். இதில் ஒன்று ஆட்டம் காண்கிறது என்றால் அன்றைக்கு அதைத்தான் நடத்த வேண்டும்.

முதல் ஐந்து நிமிடம் பழையது

ரோசன்ஷைன் பார்த்த நல்ல ஆசிரியர்கள் 5 முதல் 8 நிமிடம் பழைய பாடத்தைப் புரட்டிவிட்டுத்தான் புதியதைத் தொடங்கினார்கள். இதை வீட்டுப்பாடம் செக் செய்கிற நேரமாக்கிவிடாதீர்கள். அன்றைய பாடத்துக்கு எது வேண்டுமோ அதை மட்டும் கேளுங்கள். நான் போர்டில் நாலு கோணம் வரைவேன். "செங்கோணத்தைவிடச் சின்னதுன்னா கையைக் குவிச்சுக் காட்டுங்க, பெருசுன்னா விரிச்சுக் காட்டுங்க." மொத்த வகுப்பும் காட்டும். அவ்வளவுதான்.

நான் செய்கிறேன்

இப்போது செய்து காட்டுங்கள், வாய்விட்டு யோசித்துக்கொண்டே. என்ன செய்கிறீர்கள் என்பதோடு, என்ன முடிவு எடுக்கிறீர்கள், ஏன் என்பதும் பிள்ளைகள் காதில் விழ வேண்டும். நான் பேசுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"முனை எங்கே இருக்குது? ரெண்டு கதிரும் சேர்ற இடம், இங்கே. புள்ளி வெச்சுட்டேன். நடுக் குறியை இதுமேல வெக்கறேன். இப்ப இந்தக் கதிர் 0 கோட்டுமேல வரணும். இல்ல, கொஞ்சம் கீழ இருக்குது. புள்ளி நகராம திருப்பறேன். வந்துருச்சு. இங்க ரெண்டு நம்பர் இருக்குது, ஒண்ணு 0, ஒண்ணு 180. நான் 0-ல இருந்துதான் எண்ணுவேன். அதனால இந்த வரிசை. 0, 10, 20, 30, 40, 50. அம்பதுக்கும் அறுவதுக்கும் நடுவுல, 54. செங்கோணத்தவிடச் சின்னதா இருக்குது, 54-ம் 90-ஐவிடச் சின்னது. சரி."

இதில் நடுவே எந்தக் கேள்வியும் பிள்ளைகளிடம் கேட்பதில்லை. முதல் தடவை காட்டும்போது "அடுத்து என்ன செய்யணும்?" என்று கேட்டால், தெரியாத ஒன்றை ஊகிக்கச் சொல்கிறோம் என்று அர்த்தம். ஒருவன் தப்பாகச் சொல்வான், அந்தத் தப்பு நாலு பேர் மனதில் தங்கிவிடும்.

பெரிய மரக் கோணமானி பள்ளியில் இருந்தால் நல்லது. எங்களிடம் இருந்ததில் எண் அழிந்துபோயிருந்தது. நான் பனியன் கம்பெனி அட்டைப் பெட்டியில் ஒன்று வெட்டி மார்க்கரில் எழுதிக்கொண்டேன். ஸ்மார்ட் போர்டு இருந்தால் செல்போன் கேமராவுக்குக் கீழே பிள்ளைகள் வைத்திருக்கும் அதே பிளாஸ்டிக் கோணமானியை வைத்துக் காட்டுங்கள், அது இன்னும் தெளிவு.

எந்த உதாரணம், எந்த வரிசையில்

புதியவர்கள் எல்லோரும் வழுக்குவது இங்கேதான். நானும் இரண்டாம் வருடம் வழுக்கினேன். அந்த வருடம் காட்டினேன், சேர்ந்து செய்தோம், எல்லாம் பிரமாதமாகப் போனது. பரீட்சையில் மறுபடி 130. யோசித்துப் பார்த்தால், நான் கொடுத்த உதாரணம் அத்தனையும் வலப்பக்கம் திறந்த கோணம். எல்லாவற்றுக்கும் உள் வரிசை எண்தான் விடை. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், "எப்பவும் உள் வரிசையைப் படி" என்று தாங்களாகவே ஒரு விதி கண்டுபிடித்துக்கொண்டார்கள். பரீட்சைத் தாளில் ஒரு கோணம் இடப்பக்கம் திறந்திருந்தது. கதை முடிந்தது.

எங்கல்மன் வாழ்நாள் முழுக்கச் சொன்னது இதுதான்: பிள்ளை தப்பாகப் புரிந்துகொண்டால் முதலில் நம் உதாரணங்களைச் சந்தேகப்பட வேண்டும். நாம் காட்டுகிற உதாரணங்களிலிருந்து ஒரே ஒரு முடிவுக்குத்தான் வர முடிய வேண்டும். வேறு முடிவுக்கும் வழி இருந்தால் யாராவது ஒரு பிள்ளை அந்த வழியில் போயே தீரும்.

இப்போது நான் வைக்கும் வரிசை: வலப்பக்கம் திறந்த 50. அடுத்து அதே 50, இடப்பக்கம் திறந்தது. மாறியது திசை மட்டும்தான், வேறு எதுவும் இல்லை. அதே விடை வேறு வரிசையில் வருவதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். பிறகு 130, இரண்டு திசையிலும். பிறகு சாய்ந்து கிடக்கும் கோணம். பிறகு கதிர் குட்டையானது. "உள் வரிசை, வெளி வரிசை" என்ற சொல்லையே நான் விட்டுவிட்டேன். "0-ல் தொடங்குகிற வரிசை" என்ற ஒரே சொல்தான்.

தப்பான உதாரணமும் காட்ட வேண்டும். நிறையக் கோணமானிகளில் 0 கோடு பிளாஸ்டிக்கின் அடி விளிம்பில் இருக்காது, கொஞ்சம் மேலே இருக்கும். பிள்ளைகள் விளிம்பைக் கதிரோடு ஒட்டி வைப்பார்கள், சில பாகை தப்பிவிடும். முதல் வருடம் வந்த 44 அந்த ரகம்தான். ஆகவே ஒரு கோணத்தில் சரியாக வைத்து "இது சரி" என்கிறேன். அப்படியே விளிம்பை ஒட்டி இறக்கி "இது தப்பு". மறுபடி ஏற்றி "இது சரி". பிறகு வேறு கோணத்தில் வைத்து, "இது?" என்கிறேன். இப்படி ஏழெட்டுத் தடவை, சட்டுச் சட்டென்று. இரண்டு நிமிடம் ஆகும். பத்து நிமிட விளக்கத்தைவிட இது வேலை செய்யும்.

நாம் செய்வோம்

பீரியடில் பெரும்பங்கு இதற்குத்தான் போக வேண்டும். முதலில் நீங்கள் படியைச் சொல்லுங்கள், எல்லோரும் செய்யட்டும், பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். "முனையில புள்ளி. பென்சிலைத் தூக்குங்க." ஒரு சுற்று நடந்து பார்க்கிறேன். "நடுக் குறி." மறுபடி ஒரு சுற்று. இரண்டாவது கோணத்தில் படியை நான் சொல்வதில்லை, "அடுத்தது என்ன?" என்று கேட்கிறேன், அவர்கள் சொல்லிக்கொண்டே செய்கிறார்கள். மூன்றாவதில் இரண்டு படிக்கு ஒரு தரம்தான் நிறுத்துகிறேன். நாலாவதில் முழுதாக முடித்துவிட்டு விடையை மட்டும் காட்டச் சொல்கிறேன். கை கொடுப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டே வர வேண்டும்.

எல்லோரும் சேர்ந்து பதில் சொல்வது நமக்குப் புதிதில்லை. வாய்ப்பாட்டைப் பாட்டாகப் பாடியே வளர்ந்தவர்கள்தான் நாம். ஆனால் அந்தப் பாட்டில் முன்பெஞ்சு நாலு பேர் இழுக்க, மற்றவர்கள் அரை விநாடி தள்ளி வாயசைப்பார்கள். யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று கண்டுபிடிக்கவே முடியாது. இதற்கு ஒரு சின்ன வித்தை இருக்கிறது. கேள்வி கேளுங்கள், மூன்று விநாடி சும்மா இருங்கள், பிறகு மேசையில் ஒரு தட்டு. தட்டியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும். ஒரு வாரம் பழக்கினால் போதும். தட்டுக்குப் பின்னால் வரும் குரலின் கூர்மையிலேயே வகுப்பின் நிலை தெரிந்துவிடும். பதில் இழுத்துக்கொண்டு வந்தால் பாதிப் பேருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம்.

ஒற்றைச் சொல் பதிலுக்குத்தான் இது சரிப்படும். எண், படம், சிறு வாக்கியம் என்றால் சிலேட்டு. ஏழாவது வந்துவிட்ட பிள்ளைக்குச் சிலேட்டுத் தூக்க வெட்கமாக இருக்கும். பிளாஸ்டிக் கவருக்குள் வெள்ளைத் தாளைச் செருகி, மேலே ஒயிட்போர்டு மார்க்கரில் எழுதச் சொல்லுங்கள். துடைக்கப் பனியன் வேஸ்ட் போதும், எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. "எழுதுங்க… மறைங்க… காட்டுங்க" என்று மூன்று சொல். காட்டுவதற்கு முன் மறைக்கச் சொல்வது பக்கத்துப் பலகையைப் பார்க்காமல் இருக்கத்தான்.

தனியாக ஒருவரைக் கேட்பதாக இருந்தால் கேள்வியை முதலில் சொல்லுங்கள், பெயரைப் பிறகு சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்ற முப்பது பேரும் ஓய்வெடுக்கப் போய்விடுவார்கள். நான் ஐஸ் குச்சியில் பெயரெழுதி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். எடுத்த குச்சியைத் திரும்ப டப்பாவிலேயே போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு முறை சொன்னவன் அன்றைக்கு முழுக்க நிம்மதியாக இருப்பான்.

"புரிஞ்சுதா?" என்ற கேள்வியை அடியோடு விட்டுவிடுங்கள். அதற்கு நம் பிள்ளைகளிடம் ஒரே பதில்தான் உண்டு, அது மரியாதைக்குச் சொல்லும் பதில். "இந்த 54-ஐ நான் ஏன் 126-ன்னு படிக்கல?" என்று கேளுங்கள்.

தப்பு வந்தால்

வரும். வர வேண்டும். தப்பு வந்த அந்த நிமிடமே திருத்துங்கள், மூஞ்சியைச் சுளிக்காமல். நான் செய்வது நாலு சொல்லில்: காட்டு, சேர்ந்து செய், செய்யச் சொல், திரும்பி வா. "பாரு கண்ணு, 0 இங்க இருக்குது, அதனால இந்த வரிசை. இப்ப நாம சேர்ந்து எண்ணலாம். இப்ப நீயே எண்ணு." இதோடு நிறுத்தினால் அவன் என் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொன்னானா, உண்மையில் தெரிந்துகொண்டானா என்று தெரியாது. இரண்டு கணக்குத் தாண்டி மறுபடி அவனிடமே அதே மாதிரி ஒன்றைக் கொடுக்க வேண்டும். "திரும்பி வா" என்பதைத்தான் நாம் எல்லோரும் மறப்போம். மறக்காமலிருக்க நான் அந்தப் பிள்ளையின் பெயரைப் போர்டு மூலையில் சின்ன எழுத்தில் எழுதிக்கொள்வேன்.

ஒரே தப்பை ஐந்தாறு பேர் செய்தால் தனித்தனியாகத் திருத்தி மூச்சு வாங்க வேண்டாம். மொத்த வகுப்பையும் நிறுத்தி, அந்தப் படியை மட்டும் மறுபடி காட்டுங்கள்.

எப்போது கையை விடுவது?

பத்துப் பதிலில் எட்டு சரியாக வரும்போது. ரோசன்ஷைன் சொல்லும் அளவு 80 சதவீதம். அவர் எடுத்துக்காட்டும் நாலாம் வகுப்புக் கணக்கு ஆய்வில், நன்றாக முன்னேறிய வகுப்புகளில் பிள்ளைகளின் பதிலில் 82 சதவீதம் சரி, பின்தங்கிய வகுப்புகளில் 73. வித்தியாசம் பார்க்கச் சின்னதுதான். எல்லாப் பதிலும் சரியாக வந்துகொண்டே இருந்தால் பாடம் சப்பென்று இருக்கிறது, அடுத்த படிக்குப் போகலாம். பாதி தப்பென்றால் பிள்ளைகள் தப்பைத்தான் பழகிக்கொண்டிருக்கிறார்கள்.

30 பேர் வகுப்பில் 24 பலகை சரியாக இருந்தால் அந்த 24 பேரைத் தனியே போட விடுகிறேன். மிச்ச ஆறு பேரை என் மேசைப் பக்கம் கூப்பிட்டுக்கொள்கிறேன், திட்டாமல். "வாங்க, இங்க ஒரு ரெண்டு கணக்குச் சேர்ந்து போடலாம்." தினமும் ஒரே ஆறு பேர் வந்தால், சிக்கல் அன்றைய பாடத்தில் இல்லை, அதற்குக் கீழே எங்கோ இருக்கிறது.

நீங்கள் செய்யுங்கள்

தனிப் பயிற்சியில் முதல் கணக்கு, நாம் சேர்ந்து செய்தது போலவே இருக்கட்டும். புதுத் திருப்பம் உள்ள கணக்கைக் கடைசியில் வையுங்கள். இந்த நேரத்தில் உட்காராதீர்கள். ஒரு பிள்ளையிடம் அரை நிமிடத்துக்கு மேல் நின்றால், சேர்ந்து செய்த பகுதி போதவில்லை என்று அர்த்தம், தனித்தனியாகப் பாடம் எடுக்கிற நிலைக்கு வந்துவிட்டீர்கள். நிறுத்திவிட்டு மறுபடி நடுப்பகுதிக்குப் போங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

வீட்டுப்பாடம் என்றால் பிள்ளை யார் உதவியும் இல்லாமல் போடக்கூடியது மட்டும். எங்கள் பக்கம் அப்பா அம்மா இரண்டு பேருமே ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரிதான் வீட்டுக்கு வருவார்கள். அரைகுறையாகத் தெரிந்ததை அங்கே அனுப்பினால் அது அரைகுறையாகவே கெட்டிப்பட்டுத் திரும்பி வரும்.

மறுநாளும் அதற்கடுத்த வாரமும்

மறுநாள் ஐந்து நிமிடத்தில் இரண்டு கோணம். அடுத்த வாரம் இரண்டு. அடுத்த மாதம், வேறு பாடம் நடக்கும்போது, சும்மா ஒன்று. முதல் வாரம் முடிந்ததும் படி அட்டையின் 4, 5, 6 படிகளை மடித்து மறைக்கிறேன், அப்புறம் முழு அட்டையையும் கழற்றுகிறேன். கழற்றிய அன்று இரண்டு மூன்று பேர் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டே படியை முணுமுணுப்பார்கள். அது நல்ல அறிகுறி.

நம் பள்ளிகளில் வரும் சில்லறைச் சிக்கல்கள்

நாலாவது, ஐந்தாவது ஒரே அறையில் என்றால் இரண்டு வகுப்புக்கும் ஒரே நேரத்தில் புதுப்பாடம் எடுக்கப் பார்க்காதீர்கள். ஒரு பக்கம் 15 நிமிடம் காட்டுவதும் சேர்ந்து செய்வதும், மறுபக்கம் நேற்றே கைவந்த திறனில் பயிற்சி. பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை வாரியாகப் பிரித்து உட்காரவைத்திருந்தாலும் இதே வழிதான். பயிற்சிக்கு விடும் குழு ஏற்கெனவே 80-ஐத் தாண்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஐந்து நிமிடத்துக்கொரு தரம் "டீச்சர், இது எப்படிங்க?" என்று வந்து நிற்கும்.

திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரத்தில் வேலை தேடி வந்த ஒடியா, இந்தி பேசும் குடும்பத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். இவர்களுக்கு இந்த முறை கைகொடுப்பதை நேரில் பார்த்திருக்கிறேன். ஒரே சொல்லை ஒரே செய்கையோடு ஒவ்வொரு முறையும் சொல்கிறோம் அல்லவா, மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொள்கிறார்கள். "புள்ளி", "நடுக் குறி", "திருப்பு" என்று நான் சொல்வதற்கு முன்னாலேயே சொல்வான் எங்கள் வகுப்பில் ஒருவன். தமிழ் வாக்கியம் ஒழுங்காக வராத பையன். நேற்று நடுக் குறி, இன்று மையப்புள்ளி, நாளை மத்தி என்று நாம்தான் சொல்லை மாற்றி மாற்றிக் குழப்பக் கூடாது.

பார்வையிட வருபவர் யாராவது, "இது பழைய முறை ஆச்சே? 2007-08-லேயே மாநிலம் முழுக்கச் செயல்வழிக் கற்றலுக்கு மாறிட்டோமே?" என்று கேட்கக்கூடும். சண்டைக்குப் போக வேண்டாம். பிள்ளைகள் தாங்களே அட்டை பார்த்துக் கற்கும் அந்த முறையில், கையில் அட்டையைக் கொடுத்தாலும் அந்த அட்டையில் இருப்பதை யாராவது முதலில் ஒருமுறை செய்து காட்டத்தான் வேண்டியிருந்தது. பிள்ளைகளின் பலகைகளை அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் இந்த முறை ஆகாது, அதையும் சொல்லிவிட வேண்டும். படி படியாகப் பிரிக்க முடிகிற, சரி தப்பு தெளிவாகத் தெரிகிற திறனுக்கு இது பொருந்தும்: கடன் வாங்கிக் கழித்தல், நீள் வகுத்தல், உயிர்மெய் சேர்த்து வாசித்தல், ஒற்று மிகும் இடம், விடுப்பு விண்ணப்பம் எழுதுதல், நுண்ணோக்கியில் ஸ்லைடு வைத்தல். ஒரு கவிதையை ரசிக்க வைக்கவோ, ஊர்க் குளம் ஏன் வற்றியது என்று பேச வைக்கவோ இதை எடுத்துக்கொண்டு போனால் வகுப்பு செத்துவிடும். நன்றாகத் தெரிந்துவிட்ட பிள்ளைக்கும் இது சலிப்பு. அவர்களைப் படிப்படியாக இழுத்துக்கொண்டு போனால் வேகம் குறையத்தான் செய்யும். கைக்கு வந்ததும் விட்டுவிட வேண்டும்.

போன வருடம் அட்டையைக் கழற்றிய மறுநாள், கோணமானியை எடுத்துக்கொண்டு வெளியே போய் எதை வேண்டுமானாலும் அளந்து வரச் சொன்னேன். கூரைச் சரிவை அளந்தார்கள், கொடிக்கம்பத்துக் கயிற்றை அளந்தார்கள், வேப்பங்கிளையை அளந்தார்கள். ஒருத்தி மட்டும் வகுப்பை விட்டே போகவில்லை. கதவு நிலையின் மூலையில் கோணமானியைப் பொருத்தி, புள்ளி வைத்து, விரலை நகர்த்தி நகர்த்தி இரண்டு தரம் அளந்தாள்.

"டீச்சர், இது 90 இல்லீங்க. 87 தானுங்க வருது. கதவு கோணலுங்க."

நானும் அளந்து பார்த்தேன். 87-தான்.